மாடியில்லாத ஊரில் ஒரு வீடு

பெரம்பலூரில் நாங்கள் குடியிருந்தது மாடியில். வாதம் வந்து என் வீட்டுக்காரருக்கு இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு அந்தப் படிக்கட்டே எங்களுக்கு எமனாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்க ஆள் பிடிக்க வேண்டும். தூக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, அவர் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "கீழ என்ன சத்தம்? யாரு வந்திருக்கா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருப்பார். இந்த மனுஷனை மண்ணில் இறக்கி நடக்கவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டவுனில் தரைவீடு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பச்சைமலை அடிவாரத்தில் ஒரு வீடு விலைக்கு வருவதாக, என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி சொன்னாள். "அந்த ஊர்ல மாடி வீடே கிடையாது, தெரியுமா?" என்று வேறு சொல்லிவிட்டாள். அப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளுமா? மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

வசதி இல்லாத ஊராக இருக்கும் என்று நினைத்துப் போனேன். போனால், டைல்ஸ் பதித்த வீடு, வாசலில் கார் நிற்கிற வீடு எல்லாம் இருக்கிறது. சிங்கப்பூர் போய்வந்தவர்கூட வீட்டை நீளமாகக் கட்டியிருந்தாரே தவிர உயரமாகக் கட்டவில்லை. இதென்ன கூத்து என்று வீட்டை விற்கிற அம்மாவிடமே கேட்டேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் திருப்பூரில் இருந்துகொண்டு, வந்துவிடு, வந்துவிடு என்று நச்சரிக்கிறான். அதனால்தான் விற்கிறார்.

"மலை மேல ஆத்தா இருக்கா டீச்சரம்மா. அங்கேர்ந்து ஊரப் பாக்குறா. நாம மாடியக் கட்டி மறைச்சுப்புட்டா, பின்னால இருக்குற வூட்ட எப்புடிப் பாப்பா?"

"ஆத்தாளுக்கு மாடி மறைக்குமாக்கும்?" என் வாய் சும்மா இருக்காது.

அந்தம்மா கோபப்படவில்லை, சிரித்தார். "மறைக்காதுதான். மரியாதைன்னு ஒன்னு இருக்குல்ல?"

வீடு எனக்குப் பிடித்துவிட்டது. ஓட்டு வீடு. வாசல், நடை, கூடம் எல்லாம் தரையோடு தரை. கொல்லைப்பக்கம் தனிக் கதவோடு ஒரு சின்ன அறை. விலையும் படிந்தது. ஆனால் பத்திரம் எழுதுவதற்கு முன்னால் ஆத்தாளிடம் பூ கேட்க வேண்டும் என்றார் அந்தம்மா. ஊரில் பூ கேட்காமல் யாரும் எதையும் முடிவு செய்வதில்லையாம்.

பூ கேட்கிற அன்றைக்கு என் வீட்டுக்காரரையும் ஆள் வைத்து இறக்கி, வாடகைக் காரில் கூட்டிப் போனேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அவரை அதிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் அடிவாரத்தில் ஆத்தாளுக்கு இருக்கிற கோயிலுக்கு நடந்தோம். பூசாரி வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி, குலுக்கி, ஆத்தாள் முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. அந்தம்மா கண்ணை மூடி, உதடு அசைய என்னவோ வேண்டிக்கொண்டார். வழக்கமாகப் பொட்டலத்தை எடுப்பது குழந்தைகளாம். அன்று பள்ளிக்கூட நாள்.

"டீச்சரம்மா, நீங்களே எடுங்க."

"ஐயோ, நான் வேதக்காரிங்க. சொந்த ஊரு ஏலாக்குறிச்சி."

"அதனாலதான் சொல்றேன். ஒன்னும் தெரியாத கைதான் எடுக்கணும்."

சிலுவை போடப் போன கையை அடக்கிக்கொண்டு, மாதாவே, மன்னிச்சுக்கோ, இது வீட்டு விஷயம் என்று மனதுக்குள் சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பி வருகிற வழியில் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "ஆத்தாகிட்ட என்னதான் கேட்டீங்க? விக்கட்டுமான்னா?"

"இல்ல டீச்சரம்மா. இந்த ஊர வுட்டுப் போவட்டுமான்னு கேட்டேன்."

"ரெண்டும் ஒன்னுதானே!" என்று வெடித்துவிட்டேன்.

வந்து பார்த்தால் காரில் ஆளைக் காணோம். டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறான். எனக்கு உயிரே போய்விட்டது. கொல்லைப்பக்கம் ஓடினால், அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காலில் செருப்பில்லை. வேட்டியெல்லாம் செம்மண்.

"ஏய், இங்க வா! இங்க ஒரு கெணறு இருக்கு, பாத்தியா?" என்றார். "நானாதான் வந்தேன். செவுத்தப் புடிச்சுக்கிட்டே வந்துட்டேன்."

அந்தக் கிணறு இனி நமக்கில்லை என்று எந்த வாயால் சொல்வது? அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் ஒன்றும் புரியாமல் என்னையும் அந்தம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

அந்தம்மா கொஞ்ச நேரம் அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவ என்னையப் போவாதன்னுதான் சொன்னா. விக்காதன்னு சொல்லலியே," என்றார். "இந்தக் கொல்ல ரூம எனக்கு வுட்டுட்டு, மத்தத எடுத்துக்குங்க. எனக்கும் போவ மனசில்ல. மவங்கிட்டச் சொல்ல வழியில்லாம இருந்தேன்."

இப்படித்தான் விற்ற ஆளோடு சேர்த்து அந்த வீட்டை வாங்கினோம். மகன் போனில் கத்தினான். "ஆத்தா சொல்லிட்டாடா," என்று அந்தம்மா போனை வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் காலையில் காபியை ஆற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் ஆள் இருப்பதில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு டீக்கடைக்குப் போயிருப்பார், இல்லையென்றால் எவன் வயலிலாவது நின்று நியாயம் பேசிக்கொண்டிருப்பார். "எங்க போய்த் தொலஞ்சாரோ இந்த மனுஷன்!" என்று திட்டிக்கொண்டே தெருத்தெருவாகத் தேடுகிறேன். அவரை இப்படித் தேடித் திட்ட எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறதே, மாதாவே, அது போதும்.