வளைவு மண்

மணிமொழிக்குப் பூசாரி மேல் கோபமில்லை. அவர் பாவம், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை வளைவில் வெயிலில் நின்றிருந்தார். கோபமெல்லாம் அண்ணன் அன்புச்செல்வன் மேல்தான். "நைனாவுக்கு மயக்கம், சீக்கிரம் வா" என்று பொய் சொல்லி, செஞ்சியில் அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து பைக்கில் ஏற்றி வந்திருந்தான். அப்பாவுக்காகக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தாள். வண்டி நின்றதும் திறந்தால், வளைவு.

எட்டு மாதத்துக்கு முன் இங்கேதான் பஸ் கவிழ்ந்தது. பக்கத்துச் சீட்டிலிருந்த தோழி வெண்மதி செத்துப்போனாள். அதிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டாலே மணிமொழிக்குக் கை விறைத்துவிடும். பஸ் ஏறுவதில்லை. வரப்பு வழியாக ஆறு கிலோமீட்டர் நடந்துதான் வேலைக்குப் போய் வந்தாள்.

பிள்ளைகள் விழுந்து பயந்தால், விழுந்த இடத்து மண்ணை எடுத்துவந்து தலையைச் சுற்றித் தண்ணீரில் கரைப்பது ஊர் வழக்கம். மண் வந்தால் போதும். அன்புச்செல்வன் ஆளையே கொண்டுவந்துவிட்டான்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் புதன்தோறும் வரும் ஆலோசகர் அமலா, மூன்று வழி சொல்லியிருந்தார். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிச் சொல்லிப் பயத்தைக் குறைப்பது. மூச்சையும் உடம்பையும் முதலில் நிதானப்படுத்திவிட்டு மெல்லப் போவது. இல்லையென்றால் கொஞ்ச நாள் மாத்திரை. "எதுன்னு நீங்கதான் சொல்லணும். அவசரமில்ல." மூன்று வாரமாக மணிமொழி முடிவு சொல்லவில்லை.

"ரெண்டு நிமிஷம்தான், மணி. கண்ண மூடிக்க."

"மூடிக்கினுதான வந்தேன். நைனா எங்கடா?"

அண்ணனை அவள் ஒருநாளும் 'டா' போட்டதில்லை. அவனுக்கும் சுர்ரென்று ஏறியது.

"நல்லாத்தான் இருக்காரு. எம்.காம். படிச்ச திமிரு இருக்குது, பஸ்சுல ஏற வக்கில்ல. அந்தம்மாகிட்ட கத பேசி இன்னா கிழிச்ச?"

பூசாரி அள்ளி வைத்திருந்த மண்ணைப் பிடுங்கி அவன் சட்டையில் வீசினாள்.

"அன்னிக்கு பைக்ல கொண்டாந்து வுடுண்ணான்னு கெஞ்சினேன். கிரிக்கெட் மேட்ச்சுன்னு போயிட்ட! தனியா போகணுமேன்னு வெண்மதிய துணைக்கு வாடின்னு நான்தான் கூப்ட்டேன். அவ தல இந்தத் தோள்லதான் இருந்துது. கண்ணாடி பூரா ரத்தம். ஹாரன் மாட்டிக்கினு நிக்கவே இல்ல. அவ உசுரு நின்னப்புறமும் அது கத்திக்கினே இருந்துது, தெரியுமா ஒனக்கு?"

எட்டு மாதத்தில் யாரிடமும் சொல்லாதது. அன்புச்செல்வன் சட்டை மண்ணைத் தட்டக்கூட இல்லை. பூசாரி எலுமிச்சம்பழத்தை மடியில் முடிந்துகொண்டு நழுவினார். அவள் திரும்பிப் பார்க்காமல் வரப்பில் இறங்கி நடந்தாள்.

புதன்கிழமை அமலாவிடம் சொன்னாள்: "மொத வழி, மேடம். சொல்றது. ஒருதரம் சொல்லிட்டேன், சாவல."

"பின்னால அந்த இடத்துக்கும் போக வேண்டி வரலாம். நீங்க சம்மதிச்சாதான்."

"போவேன். நாள நான் சொல்றேன்."

வெளியே பெஞ்சில் அன்புச்செல்வன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணன உள்ள கூப்பிடலாமா?"

"வேணாம். அவன் மேல கோவம் இன்னும் அப்படியே இருக்குது. மொதல்ல அதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."