ஐஸ் தொழிற்சாலையில் மர்ஸூக் கொடுத்த வாக்கு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் குடியிருந்த மர்ஸூக், கிராண்ட்பாஸில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் சுவிட்ச்போர்ட் பார்த்தார். தொழிற்சாலைக்குச் சொந்தமாக இரண்டு எஞ்சின்கள், இரண்டு டைனமோக்கள். அவை உண்டாக்கும் மின்சாரத்தை எந்த லைனுக்கு விடுவது, எதை நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையில்தான். எங்காவது பழுது வந்தால் பிரேக்கர் தானாக விழுந்து லைனை அறுத்துவிடும். கைப்பிடியைத் தூக்கித் திரும்பப் போட வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் நான்காம் வருஷம், மூன்று நாளாக விடாத மழை. காலை பத்து மணிக்குப் பிரேக்கர் விழுந்தது. போட்டார், மறுபடி விழுந்தது. எல்லா லைனையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். விளக்கு லைனில் ஒன்றுமில்லை. தண்ணீர்ப் பம்பிலும் இல்லை. ஐஸ் உறைய வைக்கும் கம்பிரசரின் லைனைப் போட்டதும் அம்பியர் முள் கடைசிவரை பாய்ந்தது. கேபிள் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும் என்று நினைத்து, பழுது பார்க்கும் பிற்றர் ஒஸ்வால்டைக் கம்பிரசர் அறைக்கு அனுப்பினார். இருவரும் பத்து வருஷப் பழக்கம், ஒரே தெருக்காரர்கள்.

"நீ வந்து சொல்லுற வரைக்கும் நான் லைன் போடமாட்டேன்," என்றார்.

ஒஸ்வால்ட் போய் ஐந்து நிமிடம் இருக்காது, மனேஜர் பொன்னம்பலம் வந்து நின்றார். கடற்படை லொறி வாசலில் காத்திருந்தது, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஆள் லைனில் நிற்கிறான் என்று மர்ஸூக் சொன்னார்.

"அவன் இன்னும் பெட்டியைத் திறந்திருக்கமாட்டான். போட்டுட்டு, விழாமல் கைப்பிடியை அமத்திப் பிடியும். ஈரம் எரிஞ்சு போயிடும்."

மர்ஸூக் பிடித்தார். முள் ஓரத்தில் முட்டி நின்றது. எத்தனை விநாடி பிடித்தார் என்று அவருக்குப் பிறகும் சொல்லத் தெரியவில்லை. கம்பிரசர் அறையிலிருந்து சத்தம் கேட்டபோதுதான் கை விட்டது.

ஒஸ்வால்ட் உயிர் தப்பினான். பொரளை ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள். முகத்தின் ஒரு பக்கம் வெந்துபோனது. அன்று காலை நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை.

விசாரணை வைத்தார்கள். சுவிட்ச்போர்டில் சொல்லாமல் அவனாகவே பெட்டியைத் திறந்தான் என்றார் பொன்னம்பலம். அப்படித்தானா என்று மர்ஸூக்கைக் கேட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். இந்த வேலையைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. ஓம் என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஒஸ்வால்டின் வீட்டுக்குப் போவார். இடக்கையால் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒஸ்வால்ட் அவரைத் தேற்றுவான். தன் பிழைதானே, சொல்லிவிட்டல்லவா திறந்திருக்க வேண்டும் என்பான்.  மர்ஸூக் தன் மனைவி மர்லியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.  அவள், என்னிடம் சொல்லிப் பிரயோசனமில்லை, அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

அதைச் செய்ய அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. கொடுத்த வாக்கு, பிடித்த கைப்பிடி, சொன்ன பொய், ஒன்றும் விடாமல் சொன்னார். ஒஸ்வால்ட் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இத ஏன் இப்ப சொல்லுறாய், மர்ஸூக்? என்ர பிழையெண்டு நினைச்சு நான் பழகிட்டன்."

மறுநாள் மர்ஸூக் பொன்னம்பலத்திடம் போய், வாக்குமூலத்தை மாற்றி எழுதித் தருகிறேன் என்றார். அந்த விசாரணைக் கோவை எப்போதோ மூடியாயிற்று என்று மனேஜர் அவரை வேலைக்குத் திருப்பி அனுப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒஸ்வால்டின் மனைவி வாசலிலேயே நின்றாள். அவர் நித்திரை என்றாள். உள்ளே ஒஸ்வால்ட் இருமுவது கேட்டது.

மர்ஸூக் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளைக்காரன் போன பின்னும் பல வருஷம் அதே போர்டின் முன்னால்தான் நின்றார்.