பன்னிரண்டாம் ஆணி

முதியோர் மையத்தில் வேலை என்றால் பெரியவர்களைக் கவனித்துக்கொள்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள்தான் நம்மைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள். வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பாவோ மாமியாரோ இருக்கிற வாசகர்களுக்கு என் கஷ்டத்தை விளக்கத் தேவையில்லை. எனக்கு அப்படி முப்பது பேர். கர்நாடகத்தில் சாம்பியன் ரீப்ஸ் என்ற சுரங்க ஊரில் ஒரு பழைய ஹாலில், காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. எல்லாரும் தங்கச் சுரங்க வேலைக்காக வட ஆர்க்காட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். இப்போது பல் போன பிள்ளைகள்.

ரிஜிஸ்டருக்கு நேர்ந்த கதி

வருகைக்கு ஒரு ரிஜிஸ்டர் வாங்கி வைத்தேன். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. சுரங்க வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்த ஆறுமுகம் ஐயா, மறுநாள் ஒரு பலகையோடு வந்தார். அதில் முப்பது ஆணி. ஆணிக்கு ஒன்றாக, தகர டப்பா மூடியில் வெட்டி நம்பர் போட்ட டோக்கன். வரும்போது அவரவர் டோக்கனை எடுத்துச் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போகும்போது திரும்ப மாட்ட வேண்டும். சுரங்கத்தில் அப்படித்தானாம். எனக்கு எரிச்சலாக வந்தது. சோதனைக்கு வரும் அதிகாரியிடம் தகர மூடியையா நீட்டுவது? கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டவன் வூட்டுக்குப் போனானா இல்லியான்னு நோட்டு சொல்லுமாம்மா? ஆணி காலியா இருந்தா, ஆளு இன்னும் கீழ கீறான்னு அர்த்தம்."

கன்னட வகுப்பு

மூன்று தலைமுறையாகக் கர்நாடகத்தில் இருப்பவர்கள். கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. பஸ் போர்டானாலும் ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். அதனால் வாரம் இரண்டு நாள் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டாம் நம்பர் ஏழுமலை ஐயா மட்டும் அந்தப் பக்கமே வரமாட்டார்.

அவர் சுரங்கப் பாறையில் மிஷின் பிடித்துத் துளை போட்டவர். அதில் காது போனது, போனும் வைத்துக்கொள்வதில்லை. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுவார். மகன் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலிலிருந்து எனக்குப் போன் செய்து, "அக்கா, அப்பா பத்திரம்" என்பான். எழுத்துக் கற்றுக்கொண்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று அவர் காதருகே கத்தினேன்.

"சுரங்கத்து இருட்டுல லெவல் லெவலா சுத்துனவன்மா நானு. வெளிச்சத்துல ஒரு பஸ்ஸு புடிக்கத் தெரியாதா?"

காலி ஆணி

ஒரு நாள் மாலை நாலு மணி. இருபத்தொன்பது டோக்கன் பலகையில் இருந்தது. பன்னிரண்டாம் ஆணி காலி. மதியச் சாப்பாட்டிலேயே அவர் இல்லை என்று அப்போதுதான் ஒருவர் சொன்னார். காலையில் ஊசி போட்டுக்கொண்டவர் என்பது நினைவுக்கு வந்ததும் தேட ஓடினேன். கழிப்பறை, கொல்லை, தெருமுனை டீக்கடை, எங்கும் இல்லை. ஆட்டோவில் பக்கத்து ஊரிகத்துக்கு, சுரங்கத் தொழிலாளர் வரிசையில் இருக்கும் அவர் லைன் வீட்டுக்குப் போனேன். பூட்டு தொங்கியது. மகனுக்குப் போன் செய்ய எடுத்தேன், பயந்து வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தால் ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. எல்லாரும் சாலையைப் பார்த்தபடி கேட்டருகே நின்றார்கள். அவர்களில் இருந்த பெண்கள், ஒரு காலத்தில் உள்ளே போன ஆள் மேலே வராதபோது சுரங்க வாசலில் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று தோன்றியது. நீங்களாவது கிளம்புங்கள், ஹாலைப் பூட்டிவிட்டு நான் தேடுகிறேன் என்று கெஞ்சினேன். ஆறுமுகம் ஐயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆளு மேல வராம ஷிப்டு முடியாதும்மா. சாவியை உள்ள வை."

பால் வண்டி

ஐந்தே முக்காலுக்குப் பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பால் வண்டி வந்து நின்றது. ஏழுமலை ஐயா இறங்கினார். ஒரு கையில் பாதி தின்ற பன், இன்னொரு கையில் டோக்கன். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நடந்தது இதுதான். தலைவலி என்று மதியம் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். சட்டையைக் கழற்றினால் பையில் டோக்கன். அலறி அடித்துக்கொண்டு வீட்டைப் பூட்டி, மையத்துக்குத் திரும்ப முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அது வேறு பக்கம் போகும் பூதிகோட்டை பஸ். வாலிபத்தில் ஒருமுறை இப்படி டோக்கனோடு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட, நாலு பேர் அவரைத் தேடிச் சுரங்கத்துக்குள் இறங்கினார்களாம். அந்த நாலு பேரும் மேலே வரும்வரை ஆளை இறக்கி ஏற்றும் கேஜ் வாசலிலேயே நின்றாராம். சுரங்கத்தை மூடித் தண்ணீர் நிரம்பி எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் என்னை விட்டுவிட்டு, கேட்டருகே நின்றவர்களை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார்.

"என்னைத் தேடி யாராவது எறங்கிடப் போறாங்கன்னு பயந்து ஓடியாந்தேம்மா. எல்லாரும் மேலதான கீறீங்க?"

மறுநாள்

கன்னட வகுப்பில் முதல் வரிசையில் ஏழுமலை ஐயா உட்கார்ந்திருந்தார். டோக்கன் பலகையைப் பார்த்தால், ஓரத்தில் புதிதாக ஒரு ஆணி, முப்பத்தொன்று என்று போட்ட ஒரு மூடி. யாருக்கு என்று ஆறுமுகம் ஐயாவைக் கேட்டேன்.

"உனுக்குத்தான். நீ பத்திரமா வூட்டுக்குக் கெளம்புனியான்னு நாங்க யாரைப் போய்க் கேக்கறது?"

ஆக, முப்பது பேரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புகிற வேலை என்று சேர்ந்த நான், இப்போது என் மூடியை மாட்டினேனா என்று முப்பது பேரும் நின்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறேன்.