ரெண்டு கை எழுத்து

பேச்சியம்மாவுக்கு எதையாவது கற்றுக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராது. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்த புதிதில், கேத்தியிலிருந்து முட்டைக்கோஸ் கொண்டுவரும் பெண்களோடு வம்பளந்தே படுகர்களின் படுகு மொழி பேசக் கற்றாள். பிறகு வெள்ளைக்காரத் துரையின் சமையற்காரரை நச்சரித்து ரொட்டி சுடப் பழகினாள். முதல் ரொட்டியை உடைக்க அம்மிக்குழவி தேவைப்பட்டது, அது வேறு கதை.

ஐம்பது வயதில் எழுத்துப் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு மதியங்களில் இலைக் கொட்டகையில் ஜெஸிந்தா டீச்சர் ஆண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பேச்சியம்மா போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். கங்காணி லிங்கசாமிக்குப் பொறுக்குமா? துரையிடம் வத்தி வைத்தார். அடுத்த மாதம் தானே வந்து பார்ப்பதாகவும், அவள் தன் பெயரை எழுதிக் காட்டினால் பெண்களும் படிக்கலாம், இல்லையென்றால் கிடையாது என்றும் துரை சொல்லிவிட்டார்.

பேச்சியம்மா இரவும் பகலும் சிலேட்டோடு உட்கார்ந்தாள். வலக்கையில் குச்சியைப் பிடித்தால் சும்மா கிடக்கும் இடக்கை தவித்தது, எழுத்து கோணிக்கொண்டு போனது. கொழுந்து பறிப்பவர்களுக்கு இரண்டு கையும் மாறி மாறி ஓடியே பழக்கம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சிலேட்டுக் குச்சியை இரண்டாக ஒடித்தாள். வலக்கை ஓரெழுத்து, இடக்கை அடுத்த எழுத்து. கோணல் போன இடம் தெரியவில்லை! டீச்சர் முதலில் தலையில் கைவைத்தார், பிறகு சிரித்துவிட்டார்.

துரை வந்த அன்று கரும்பலகையில் அப்படியே இரண்டு கையாலும் முழுப் பெயரையும் எழுதி முடித்தாள்.

"இது செல்லாதுங்க தொர! ரெண்டு கையில யாராச்சும் எழுதுவாங்களா?" என்று குதித்தார் லிங்கசாமி.

"ஏனுங்க கங்காணி, ஒத்தக் கையில வேலை செஞ்சா சோம்பேறின்னு இத்தனை வருசமா வைஞ்சது நீங்கதானுங்களே?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

கொட்டகையே சிரித்தது. துரையும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். பேச்சியம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு கொட்டகை நிறையப் பெண்கள். முன்வரிசையில் யார் என்கிறீர்கள்? கங்காணியின் மனைவி பாலாமணி! கொஞ்ச நேரத்தில் கங்காணியே வாசலில் வந்து நின்றார்.

"பாலாமணி, ஊட்டுக்கு வா. பசிக்குது."

பாலாமணி சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உலை வெச்சுட்டுத்தான் வந்தேனுங்க. அரிசியைக் களைஞ்சு நீங்களே போட்டுருங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே!"

பேச்சியம்மா திரும்பிப் பார்த்தாள். "தெரியாட்டி கத்துக்கோங்க கங்காணி. உங்களுக்கென்ன, வயசா ஆயிடுச்சு?"