போடப் போட சரியாயிரும்

ஆண்டனிராஜ் ஆட்களின் முகத்தைப் பார்க்கமாட்டான், காலைத்தான் பார்ப்பான். திண்டுக்கல் மெயின் ரோட்டில் மைதீன் பிச்சையின் செருப்புக் கடையில் பதினான்கு வருடமாக நிற்கிறான். வாடிக்கையாளர் படியேறும்போதே, ‘இது ஏழு, இது எட்டு, இது எட்டுதான் ஆனால் ஏழு கேட்கும்’ என்று மனசுக்குள் நம்பர் போட்டுவிடுவான். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

அவன் வாயில் ஒரு வாக்கியமும் உண்டு. செருப்பு வாங்கிய எவரும் அதைக் கேட்காமல் வீடு திரும்பியிருக்க மாட்டார். “கடிக்குதே தம்பி” என்று யாராவது முகம் சுளித்தால் போதும், “போடப் போட சரியாயிரும்க்கா” என்று பெட்டியை மூடிவிடுவான். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. தோல் இளகத்தான் செய்யும். இளகாவிட்டால்தான் என்ன, நத்தத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் பஸ் ஏறிப் போனவர் செருப்பு கடிக்கிறது என்று திரும்பியா வரப்போகிறார்?

ஒருத்தி வந்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால், துணை ராணுவப் படையில் சேர ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த சகாயசெல்வி. ஷூ கடிக்கிறது என்றாள். இவன் தன் வாக்கியத்தைச் சொன்னான். “சரியாகலேன்னா வந்து ஒங்க கால்லயே மாட்டிவிட்ருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனவள், சொன்னபடியே ஒரு வாரத்தில் வந்து நின்றாள். சண்டையாகத் தொடங்கி மாரியநாதபுரத்துக் கோயிலில் கல்யாணமாக முடிந்தது.

படையில் சேர்ந்த அவளுக்கு வேலை வடக்கே. வருடத்துக்கு இரண்டு முறை விடுப்பில் வருவாள். மகள் நான்சிக்கு இப்போது ஐந்து வயது. அம்மா வந்து இறங்கினால் முதல் நாள் முழுக்க அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பிள்ளை அது. கடைசியில் ஒரு வழி பிறந்தது. தமிழ்நாட்டில் இருக்கிற ஒரு பயிற்சி மையத்துக்குப் பெண் பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தேறினால் ஜூனிலிருந்து மூன்று வருடம் இங்கேயே வேலை, சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் முதுகில் இருபது கிலோ மூட்டை, கையில் துப்பாக்கியோடு இருபது கிலோமீட்டர் நடையைக் குறித்த நேரத்தில் முடித்தாக வேண்டும். ஜனவரியில் ஒரு வாய்ப்பு, ஏப்ரலில் இன்னொன்று, அவ்வளவுதான்.

ஜனவரி நடைக்கான பூட்ஸை அக்டோபர் விடுப்பிலேயே ஆண்டனிராஜ் தேர்ந்தெடுத்தான். பெண்டாட்டி காலுக்கு அளவு வேறு பார்ப்பானா? ஆறாம் நம்பர் என்று எடுத்துவைத்தான்.

“விரல் முட்டுதுங்க.”

“பூட்ஸுன்னா சிக்குனு இருக்கணும். லூஸா இருந்தா கொப்புளம் போட்ரும். போடப் போட சரியாயிரும், போ.”

ஜனவரியில் பதினான்காவது கிலோமீட்டரில் அவள் உட்கார்ந்துவிட்டாள். போனில் “முடியலங்க” என்று மட்டும் சொன்னாள். இவனும் மூட்டை கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மார்ச்சில் விடுப்புக்கு வந்தவள், அந்த வேகாத வெயிலிலும் வீட்டுக்குள் சாக்ஸோடு நடந்தாள். மூன்றாம் நாள் நான்சிதான் விளையாட்டாக ஒரு சாக்ஸை உருவிவிட்டாள்.

“ஐ, அம்மா கறுப்பு நெயில் பாலிஷ் போட்ருக்கு!”

ஆண்டனிராஜ் திரும்பிப் பார்த்தான். கட்டை விரல் நகம் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. அடுத்த விரலில் நகமே இல்லை. ஊரார் காலையெல்லாம் படித்தவனுக்கு இதைப் படிக்க ஒரு நொடி போதும்.

“இத ஏன் சொல்லல?”

“சொன்னேன். கடையிலயே சொன்னேன், முட்டுதுன்னு. நீங்க கேட்டீங்களா?” சகாயசெல்வி குரலை உயர்த்தவில்லை. “நான்சிய பெத்து ஆறு மாசத்துல டூட்டிக்குக் கெளம்பயில அழுதேன். போகப் போக சரியாயிரும்னீங்க. பிள்ள என்னையப் பாத்து ஒளியிறாளேன்னேன், அதுக்கும் அதான். ஒங்க வாயில வேற வார்த்தையே வராதா? எதுங்க சரியாச்சு?”

பதினான்கு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் அவனை இப்படிக் கேட்டதில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன்னால்தான் பிள்ளையிடமிருந்து தாய் இன்னும் தள்ளி நிற்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் அவன் செய்த காரியத்தைத் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. தன் அளவுக்கு ஒரு நம்பர் குறைவான பூட்ஸை மாட்டிக்கொண்டு, பையில் இருபது கிலோ அரிசியைக் கட்டி முதுகில் ஏற்றி, பழனி ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

“ஏலே ஆண்டனி, பழனிக்கா? பாதருக்குத் தெரியுமாடா?” என்று டீக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். இவன் திரும்பவில்லை.

முதல் இரண்டு கிலோமீட்டர் ஜோராக இருந்தது. ஐந்தாவதில் பூட்ஸ் சுருங்கிவிட்டது போலத் தோன்றியது. எட்டாவதில் ஒவ்வொரு இறக்கத்திலும் விரல்கள் முன்னால் போய் மோதின. மோதுகிற ஒவ்வொரு தடவையும் அவளுடைய ஜனவரி அவனுக்குத் தெரிந்தது. ரெட்டியார்சத்திரத்தைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை, ஒரு புளியமரத்தடியில் சரிந்து உட்கார்ந்துவிட்டான். அரிசியோடு பஸ் ஏறித் திரும்பினான்.

அன்று சாயங்காலம் பெட்டி அட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அவளை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டான். பிறகு அரிசிப் பையை அவள் முதுகில் ஏற்றி, அதே இடத்தில் நிறுத்தி இன்னொரு கோடு. பாதம் முதல் கோட்டைத் தாண்டி முன்னாலும் பக்கவாட்டிலும் வழிந்திருந்தது. இதே கால்தான், சுமை ஏறியதும் வேறு காலாகிவிட்டது. பதினான்கு வருடமாக அவன் அளந்ததெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்களின் காலை. நடந்து களைத்த காலை, சுமை சுமந்த காலை அவன் ஒருநாளும் தொட்டதே இல்லை.

“நான் ஒரு மடையன், செல்வி” என்றான்.

“அது தெரியும். பையை எறக்குங்க.”

மறுநாள் அவளைப் பகல் முழுக்க நடக்கவிட்டு, கால் நன்றாக வீங்கிய பிறகு, தடித்த சாக்ஸும் முதுகில் அரிசியுமாகக் கடைக்குக் கூட்டிவந்தான்.

மைதீன் பிச்சை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “ஏம்ப்பா, இது செருப்புக் கடையா, ரேசன் கடையா?”

“செத்த நேரம் மொதலாளி.”

செத்த நேரமாவது ஒன்றாவது! ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆறரையில் விரல் மடங்கியது. ஏழில் விரலுக்கு இடம் கிடைத்தது, குதிகால் தூக்கிக்கொண்டது. வேறு ஏழில் கணுக்கால் எலும்பு உரசியது. ஒவ்வொன்றையும் மாட்டி, கடை வாசலில் வண்டி ஏற்றுகிற சரிவில் அவளை ஏறி இறங்கவைத்தான். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கிறதா என்று குத்தவைத்துப் பார்த்தான்.

“கடிக்குதா?”

“இல்ல.”

“உண்மையச் சொல்லு.”

“சுண்டுவிரல்கிட்ட லேசா.”

“அப்ப இது வேணாம். கழட்டு.”

அந்தக் கடைக்குள் அப்படியொரு பதில் இதுவரை கேட்டதில்லை. கல்லாவில் இருந்த மைதீன் பிச்சை இருமினார். ஆறாவது ஜோடி, அகலமான முன்பக்கம் வைத்த ஏழாம் நம்பர் ஆண்கள் பூட்ஸ், சரிவில் நான்கு தடவை ஏறி இறங்கியும் அவளை முகம் சுளிக்கவைக்கவில்லை.

“படகு மாதிரி இருக்குங்க பாக்க.”

“படகாவே இருக்கட்டும். கரையேறுனாப் போதும்.”

விடுப்பில் மிச்சமிருந்த நாளெல்லாம் விடியற்காலையில் இருவரும் நடந்தார்கள். முதலில் வெறும் முதுகோடு, பிறகு ஐந்து கிலோ, பத்து, பதினைந்து. எங்கே உரசுகிறது என்று அவள் சொல்வாள், இவன் அங்கே பிளாஸ்திரி ஒட்டுவான், இல்லாவிட்டால் பூட்ஸ் கயிற்றை வேறு மாதிரிக் கட்டுவான். கல்யாணமான பிறகு இவ்வளவு தூரம் சேர்ந்து நடந்தது இதுதான் முதல் தடவை என்று ஒருநாள் அவளே சொன்னாள்.

திண்டுக்கல் ஜங்ஷனில் அவளை வண்டியேற்றப் போன பகலில், நான்சி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. இந்தத் தடவைதான் ஒளியவில்லை. பிரித்தெடுக்கப் பெரும்பாடாகிவிட்டது. சகாயசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக இவனைப் பார்த்தாள். அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டான்.

“எனக்கும் கடிக்குது செல்வி” என்றான். “அஞ்சு வருசமாக் கடிக்குது. சரியாகவே இல்ல.”

வண்டி நகர்ந்தது. அவள் கையை வெளியே நீட்டியபடியே போனாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம். தொப்பம்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், புதுச் செருப்பில் கால் நுழைத்து, “கடிக்குதுங்களே தம்பி, போடப் போட சரியாயிருமுங்களா?” என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

“கடிக்குதுன்னா கடிக்குதுதாங்கம்மா. எந்திரிச்சு நில்லுங்க, வேற பாப்போம்.”

அப்போதுதான் போன் அடித்தது. செருப்பைக் கையில் பிடித்தபடியே காதில் வைத்தான். மறுமுனையில் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

“முடிச்சிட்டேங்க. நேரத்துக்குள்ள முடிச்சிட்டேன்.”

என்ன கேட்பது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைக் கேட்டான்.

“கடிச்சுதா?”

“பூட்ஸ் கடிக்கல” என்றாள் சகாயசெல்வி. பிறகு அழத் தொடங்கினாள். “மத்ததுக்குத்தான் ஜூன்ல வாரேன்ல.”