கட்டண ஜன்னலுக்கு வந்த சீர்

2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். கடலூர் பேருந்து நிலையத்தில் ஆளை நனைக்கவும் செய்யாத, நிற்கவும் செய்யாத ஒரு தூறல். நானும் என் மகளும் சிதம்பரம் பேருந்தில் ஏறினோம். என் தோள்பையில் பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதிய ஒன்பதாவது மனு இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த மகள், "இது எத்தன பக்கம்ப்பா?" என்று கேட்டாள். நான்கு என்றேன். "போன தடவ மூணு. வளந்துகிட்டே வருது" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

அவள் பொறியியல் சேர்ந்து இரண்டு ஆண்டு படித்தாள். மூன்றாம் ஆண்டு தொடங்கியபோது, தன்னால் முடியவில்லை என்று அடுக்களையில் அம்மாவிடம் சொன்னாள், மறுநாளிலிருந்து போகவில்லை. போகவில்லை என்றால் நின்றுவிட்டாள் என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம். அலுவலகத்துக்கு அப்படி இல்லை. பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்காதவரை அவள் அங்கே மாணவிதான். முப்பத்தோரு வருஷம் அரசுக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிய எனக்கு அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லை. மூன்று பருவக் கட்டணமும் அபராதமும் சேர்ந்து ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய் ஆகியிருந்தது. சேர்ந்த அன்றே வாங்கிக்கொண்ட அவளுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் இருந்தன. பாக்கி தீராமல் அவை வெளியே வராது.

இதற்கிடையில் வீட்டிலிருந்தபடியே படித்து, அரசு அலுவலக உதவியாளர் வேலைக்கான தேர்வில் அவள் தேறிவிட்டாள். திங்கட்கிழமை காலை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் போனால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். எங்களிடம் இருந்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான்.

கட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று எல்லாரும் கேட்டார்கள். என்னிடம் பணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மனைவியின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கென்று வங்கியில் போட்டு வைத்திருந்தேன். அதில் கை வைத்தால் முழங்கால் வைத்தியம் நின்றுபோகும். அதைவிட, அவள் உட்காராத வகுப்புக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பது என் கேள்வி. எட்டு மனுவிலும் அதைத்தான் கேட்டிருந்தேன். இன்றைக்கும் அந்தக் கேள்வியில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் படுத்தால் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன்.

இங்கே என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. காடாம்புலியூரில் இரண்டரை ஏக்கர் முந்திரி. என்னைவிடப் பத்து வயது இளையவன். மகள் வயதுக்கு வந்தபோது அவன் பட்டுப்பாவாடையும் தாம்பாளங்களும் வாங்கி வைத்துக்கொண்டு சீர் கொண்டுவர நாள் கேட்டான். மண்டபம், ஒலிபெருக்கி, தெருவெல்லாம் போஸ்டர் என்று ஒரு குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் செய்வதெல்லாம் என் வீட்டில் கூடாது என்று சொல்லிவிட்டேன். தாய்மாமன் செய்ய வேண்டிய முக்கியமான சீர் அது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கு இங்க ஒரு பாக்கி நிக்குது மாமா" என்று சொல்லிச் சிரிப்பான். கேலி செய்கிறான் என்று நானும் சிரித்து வைப்பேன்.

கட்டணப் பிரிவின் கண்காணிப்பாளர் என் மனுவை நான்கு பக்கமும் படித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. "நல்லா எழுதியிருக்கீங்க ஐயா. ஆனா தள்ளுபடி பண்ற அதிகாரம் எங்கிட்ட இல்ல. நாலு மணிக்குள்ள பணம் ஏறிச்சின்னா, நானே உக்காந்து எடுத்துக் குடுத்துட்டுதான் வீட்டுக்குப் போவேன்" என்றார். நான் விதியைப் பற்றி மறுபடியும் தொடங்கினேன். பின்னாலிருந்து மகள் மெதுவாக, "நீங்க சொல்றது சரிதாம்ப்பா. ஆனா திங்கக்கெழம போயி நிக்கப்போறது நானு" என்றாள். மனுவை மடித்துப் பையில் வைத்தேன். வெளியே வராண்டாவுக்கு வந்தோம்.

அங்கே யூரியா சாக்குப் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மச்சான் நின்றிருந்தான். வெள்ளை வேட்டி, முழங்கால் வரை சேறு. இரண்டு நாளைக்கு முன்பே என் மனைவி அவனிடம் தொலைபேசியில் அழுதிருக்கிறாள். அவன் பணத்தைப் புரட்டிக்கொண்டு அன்று முதல் பேருந்தைப் பிடித்து வந்துவிட்டான். பையிலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் துண்டால் துடைத்தான். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஈரத் துணியில் சுற்றிய மல்லிகைச் சரம், மேலே ரப்பர் பட்டை போட்ட ஐந்நூறு ரூபாய்க் கட்டுகள். கட்டணம் கட்ட வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூசிப் போனேன்.

"மச்சான், உள்ள வெய்யி. நான் பேசிகிட்டு இருக்கேன்."

"பேசுங்க மாமா. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள பாப்பாவுக்கு ரிட்டயர்மெண்டு வந்துடும்."

தாம்பாளத்தை மகள் கையில் கொடுத்தான். "உனக்குச் செய்ய வேண்டியது. அப்ப உங்கப்பா உட்ல. இப்ப வாங்கிக்க" என்றான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு, அந்த ஈரத் தரையிலேயே அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பூவை எடுத்துத் தானே தலையில் வைத்துக்கொண்டாள்.

தாம்பாளத்தோடு ஜன்னலுக்குப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ரொக்கம் வாங்குவதை அவர்கள் நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டதாம், எல்லாம் ஆன்லைன்தான். மச்சானிடம் வங்கி அட்டைகூடக் கிடையாது. சீர்ப்பணத்தை ஜன்னலில் வாங்க மாட்டார்கள் என்று அவன் கனவிலும் நினைத்திருக்கவில்லை. மனுவையே நம்பிப் போன நானும் அதுவரை கேட்டுக்கொள்ளவில்லை. ஆட்டோ பிடித்து வங்கிக்கு ஓடினோம். ஐம்பதாயிரத்துக்கு மேல் என்பதால் பான் அட்டை கேட்டார்கள். அது எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். என் கணக்கில் ஏற்றி, அங்கிருந்து மகள் தன் கைபேசியில் கட்ட வேண்டும். இரண்டு முறை சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நின்றுபோயிற்று. மூன்றாம் முறை ரசீது வந்தபோது மணி மூன்று நாற்பது. கண்காணிப்பாளர் சொன்னபடியே உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார். மகள் சான்றிதழ்களைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள், மழை பட்டுவிடக் கூடாதென்று.

தேநீர்க் கடையில்தான் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மூன்று வருஷ முந்திரி மகசூலை ஒரு வியாபாரிக்கு முன்கூட்டியே குத்தகைக்கு விட்டுவிட்டான். என்ன விலைக்கு என்று கேட்டு, மனதிற்குள் கணக்குப் போட்டேன். பாதி விலைகூட இல்லை. திட்டினேன். "மரம் எங்க போயிடப்போவுது மாமா, அங்கதான் நிக்கும்" என்றான்.

மகள் இப்போது விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறாள். அவளுடைய சம்பளத்திலும் என் ஓய்வூதியத்திலும் சேர்த்து, ஒன்றரை வருஷம் கழித்து, முழுத் தொகையையும் உறையில் போட்டுக் காடாம்புலியூருக்கு எடுத்துப் போனேன். அவன் தோட்டத்தில் வியாபாரியின் ஆட்கள் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். உறையை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கடன்னா வாங்கிக்குவேன் மாமா. சீர எவனாவது திருப்பிக் குடுப்பானா? குடுத்தா ஒறவு அத்துப்போச்சின்னு அர்த்தம். அத்துக்கிறதுக்கா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தீங்க?"

உறையைத் திரும்ப எடுத்து வந்தேன். மூன்றாவது வருஷத்து முந்திரி பூக்கும் முன்பே அவன் மாரடைப்பில் போய்விட்டான். அவன் மனைவியிடம் கொடுக்கப் போனேன். "அவுரு வேணாம்னு சொன்னத நான் எப்டிண்ணா வாங்குறது" என்று அவளும் கதவோரம் நின்றுவிட்டாள். இப்போது அந்தத் தொகை வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கிறது, வட்டி ஏறுகிறது. யாருக்கு என்று எழுதுவது எனத் தெரியாமல் காலாண்டுக்கு ஒருமுறை போய் வங்கிப் புத்தகத்தில் வட்டி வரவு போட்டுக்கொண்டு வருகிறேன். மூன்று பருவக் கட்டணத்தைக் கட்ட மறுத்து ஒன்பது மனு எழுதியவன் நான். என் மகளின் சான்றிதழ்கள் வீடு வந்து சேர, இரண்டு பேருக்குப் போகவரப் பேருந்து, ஆட்டோ, மூன்று பேருக்குச் சாப்பாடும் தேநீரும், நகல் எடுத்தது, வங்கி பிடித்துக்கொண்ட பதினேழு ரூபாய் எழுபது காசு எல்லாம் சேர்த்து, என் கையிலிருந்து போனது மொத்தம் அறுநூற்று எண்பத்தேழு ரூபாய் எழுபது காசு.