சனிக்கிழமை வட்டத்தில் கேட்டதை வெளியே சொன்னேன்

பினாங்கில் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் நாங்கள் எட்டுப் பேர் படித்தோம். சனிக்கிழமை பாடம் முடிந்ததும், யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் பயிற்சி ஆசிரியர் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வார். அந்த வாரம் தன்னிடம் தானே கண்டுகொண்ட ஒரு குறையை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

"ஆரும் புத்தி சொல்ல வேண்டாம். கேட்டால் போதும். இஞ்ச கேட்டது இஞ்சயே இருக்கட்டும்," என்பார்.

கோபம் வருகிறது, சோம்பலாக இருக்கிறது என்று மேலோட்டமாகவே பேசிவந்தோம். ஒரு சனிக்கிழமை, ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து படித்த என் நண்பன் வாய் திறந்தான். அவனைப் பார்க்க அவன் அப்பா ரப்பர் பால் கறை படிந்த வேட்டியோடு வந்திருக்கிறார். சூலியா தெருவில் அவனோடு இருந்த நண்பர்கள் இவர் யாரென்று கேட்டதற்கு, "எங்க தோட்டத்து ஆளு" என்று சொல்லிவிட்டானாம். அப்பா காதிலும் அது விழுந்ததா என்று தெரியவில்லை என்றான்.

எல்லோர் கண்ணும் அவன் மேலேயே இருந்தது. ஆசிரியர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். என்னை அவர் ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுக் கடையில் வேறு வகுப்பு நண்பர்களிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அவன் குரலிலேயே சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.

வாரக் கடைசியில் வகுப்பு வாசலில் அவர்களில் ஒருவன் அவனிடம், தோட்டத்து ஆள் சௌக்கியமா என்று கேட்டான். அன்று வட்டத்தில் அவன் பேசவில்லை. வாசல் பேச்சைக் கேட்டிருந்த ஆசிரியர், வெளியே சொன்னது யார் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அத்தோடு வட்டமும் நின்றது.

ஒரு மாதம் பொறுத்துத்தான் அவனிடம் ஒப்புக்கொண்டேன். படகுத்துறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம்.

"தெரியும்டா," என்றான். "அடுத்தவன் வாயால போறதுக்குள்ள நானே போயி அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அந்த வேட்டியோட வந்தது அவரு தப்புன்னாரு."

அன்று வட்டத்தில் எல்லோரும் அவனை மதித்துப் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் சொன்னேன். வட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான். படகுத்துறையில்கூட அது என் வாயில் வரவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

அவன் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. பரீட்சை வரை என்னோடு சேர்ந்தே படித்தான். தன்னைப் பற்றி மட்டும் அதன்பின் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.